தெற்குக் கரை

திரையில் அவன் பெயருக்கு மேல் முதலிடத்தின் பொன்கிரீடம் மின்னிக்கொண்டிருந்தது. சுட்டியைப் பிடித்தபடி அவன் எதிராளிக்காகக் காத்திருந்தான். பருவத்தின் இறுதி ஆட்டம் இது. கிரீடம் இனி யாருக்கு என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

அறைக் கதவைச் சாத்த வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"இந்த சீசனாவது ஒழுங்கா தோத்துட்டு வெளிய வாங்க. இல்லேன்னா அந்த நாற்காலியோடயே குடித்தனம் பண்ணிக்குங்க."

"மெதுவாப் பேசு. வேணும்னே தோத்தேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் தடை போட்டுடுவாங்க."

"அப்ப நிஜமாவே தோத்துடுங்களேன். சமையக்கட்டுல மட்டும் எவ்வளவு அழகா தோக்குறீங்க!"

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது அவன் தொழில். மாலைகளில் இந்த இணையப் போர்ப்பலகைதான் அவன் உலகம். பக்கவாட்டிலேயே நகர்ந்து தாக்குவதால் 'நண்டு' என்று பட்டப்பெயர். அந்த ஆட்டக் கழகத்துக்கென ஒரு வழக்கம் உண்டு. தரவரிசையில் முதலிடம் பெறுபவரே வரைபட நடுவர்.

யார் யாரோ வரைந்தனுப்பும் தீவுகளும் மலைகளும் பாலைகளும் இரு தரப்புக்கும் சமமானவைதாமா என்று அவரே ஆடிப்பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். களம் கோணினால் தரவரிசையே பொய்யாகிவிடும் அல்லவா? பொறுப்பை உதறினாலோ, கழகத்தில் அவருக்கு இடமே கிடையாது.

கிரீடம் வந்த நாள்முதல் அவன் ஓர் ஆட்டம்கூட ஆசைக்கு ஆடவில்லை. "அவனுக்கு ரெண்டு ஆறு, எனக்கு ஒரு குட்டையா?" என்ற வசவுகள் மழையாகக் கொட்டின. கதை கேட்பதை மகள் நிறுத்திவிட்டாள். "எங்கப்பா புகார் ஆபீஸ்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். புலிவாலைப் பிடித்தாயிற்று, விடுவிக்க ஒருவர் வர வேண்டும்.

வந்திருப்பவர் 'ஆமை'. அரசனைக் கோட்டைக்குள் பொத்திவைத்து ஆடுவதில் பேர்போன மூத்த ஆட்டக்காரர். போன பருவம்வரை கிரீடம் அவரிடம்தான் இருந்தது. அவரை வீழ்த்தியதே நண்டின் வாழ்நாள் பெருமை. கண்ணாடி மாற்ற வருபவர்கள்கூட அந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. தோற்ற மறுநாளே ஆமை குடும்பத்தோடு ஊர்சுற்றப் போய்விட்டார். அவமானம் தாங்காமல் போய்விட்டார் என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள்.

இறுதி ஆட்டத்தில் முதலிடத்தாரும் இரண்டாமிடத்தாரும் மோதியே ஆக வேண்டும். குலுக்கலில் 'ஒற்றைப் பாலம்' என்ற வரைபடம் விழுந்தது. தெற்குக் கரையில் ஆடுபவர் உருப்பட்டதே இல்லை என்பது அதன்மீதிருந்த புகார். தீர்ப்பு அவனிடமே கிடப்பில் கிடந்தது. கரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலிடத்துக்கு. நண்டு தயங்காமல் தெற்கை எடுத்தான். நடுவனாகத் திருத்தியிருக்க வேண்டிய அநீதியை இப்போது குலதெய்வமாக நம்பினான்.

ஆட்டம் தொடங்கியது. பார்வையாளர்கள் ஐயுறாத வண்ணம் அவன் நாசூக்காகப் பிழைகள் செய்தான்: குதிரைகளைச் சேற்றில் இறக்கினான், தானியக் கிடங்கைக் காவலின்றி விட்டான். ஆமை எதையும் தொடவில்லை. மாறாக, அவருடைய அரசன் கோட்டையை விட்டிறங்கிப் பாலத்தின்மேல் நடந்துவந்தான்.

நண்டு தன் காலாட்களைப் பின்வாங்கச் செய்தான். அரசன் தொடர்ந்து வந்தான். இன்னும் பின்வாங்கக் கட்டமில்லை. முதுகுக்குப் பின்னே கடல். கடைசிக் காலாளின் எதிரில் அரசன் வந்து நின்றான். எதிரில் நிற்கும் காயை வெட்டியே தீரவேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. திரையில் வேறொரு நகர்வும் ஒளிரவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுட்டியை அழுத்தினான்.

வெற்றி முழக்கம் ஒலித்தது. வாழ்த்துகளோடு புதிய புகார்களும் வரத் தொடங்கின. கதவுக்கு வெளியே மனைவியின் காலடி ஓசை ஒரு கணம் நின்று, பிறகு விலகிப் போயிற்று.

அவன் ஆமையைத் தனி அழைப்பில் பிடித்தான்.

"என்னண்ணே இது? ராஜாவை யாராவது பாலத்துல கொண்டாந்து நிறுத்துவாங்களா?"

"அசந்துட்டேன் தம்பி. வயசாகுதில்ல?"

"அளக்காதீங்கண்ணே! உங்ககிட்ட தோக்கணும்னு இன்னிக்கு நான் தலைகீழா நின்னேன். ஒரு காயையாவது வெட்டினீங்களா?"

மறுமுனையில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆமை வழக்கமான நிதானத்தோடு சொன்னார்:

"தோக்குறதுல நான் உனக்கு ஒரு சீசன் சீனியர் தம்பி."