ரோமன் தூணும் எல்லையம்மாவும்

ஷூவைக் கழற்றி ஜீப்புக்கு அடியில் விட்டுவிட்டுத்தான் என்ஜினியர் கிரண்குமார் எல்லையம்மாவின் அருகே போனார்.

தணிகாசலத்துக்கு அப்போதே பாதி உயிர் திரும்பிவிட்டது.

அவர் தன் வீட்டு முகப்பில், நான்கு தூண்களில் ஒன்றைத் தொட்டபடி நின்றிருந்தார். நகரியில் விசைத்தறி போட்டு நாலு காசு பார்த்த மனிதர். வீடு கட்டும்போது ஆணி வரைக்கும் கணக்குப் பார்த்தவர், தூண் விஷயத்தில் மட்டும் பார்க்கவில்லை. அலிபிரி போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படிப்பட்ட தூண்களைப் பார்த்துச் சொக்கிப்போய், அவற்றைச் செய்த ஆளையே திருப்பதியிலிருந்து வரவழைத்துச் செய்துகொண்டார். உடம்பெல்லாம் வரி வரியாக, உச்சியில் சுருள் சுருளாக இலை. ரோமன் பில்லர் என்று பெயர்.

விஜயபுரம் ரோட்டில் அவர் வீட்டுக்குக் கதவு எண் தேவைப்படவில்லை. தூண் வீடு என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார்.

அந்தத் தூண்களுக்குத்தான் ஆபத்து வந்தது. ரோட்டை அகலப்படுத்த அளந்துகொண்டு வந்தவர்கள், தூண்களின் பின்னால் கோடு கிழித்து நிறுத்தினார்கள். முகப்பு போகும், வீடு நிற்கும். பாதி வீட்டைப் பறிகொடுக்கப் போகும் அக்கம்பக்கத்தார் அவர்மேல் பொறாமைப்பட்டார்கள். அவரோ சாவு விழுந்த வீட்டுக்காரர் மாதிரி வளைய வந்தார். தூண் போனால் மூக்கறுந்த முகத்தோடு எப்படிக் குடியிருப்பது என்றார்.

திருப்பதியில் காலேஜில் சரித்திரம் நடத்தும் மகள் அகிலா போனில் சிரித்தாள். “நைனா, கோடு போட்டாப்ல நேரா ரோடு போடறதும் அந்த ரோமாபுரிக்காரன் பழக்கந்தான். அவன் ரோடு வந்து அவன் தூண இடிக்குது. நடுவுல நீ ஏன் அழுதுக்கினு கீற?”

பேச்சுவாக்கில் இன்னும் கொஞ்சம் சொன்னாள். ரோட்டோரம் மைல்கல் நடுகிற வழக்கமும் அவர்களுடையதாம். எல்லைக்கல்லை அவர்கள் சாமியாகவே கும்பிட்டார்களாம். மாலை போடுவார்களாம், ஆடு வெட்டுவார்களாம். பெரிய சாமிக்குக் கோயில் கட்ட இடம் வேண்டியிருந்தபோதும் அந்தக் கல்லை மட்டும் நகர்த்தாமல் விட்டார்களாம்.

சரித்திரத்தை ஒருத்தர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டு அகிலா அதுவரை பார்த்ததில்லை.

தணிகாசலத்தின் வீட்டுக்கு முன்னால், ரோட்டோரத்தில், எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு பழைய மைல்கல் இருந்தது. மறுநாள் ஊர் எழுந்தபோது அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு சூலமும் முளைத்திருந்தது. அம்மன் கனவில் வந்து எல்லையம்மா என்று பேர் சொன்னதாகத் தணிகாசலம் தன் மனைவி வெங்கடம்மாவிடமே சொன்னார். இவர் படுத்தால் கட்டையாகத் தூங்குகிறவர், கனவு வந்தது என்றால் அது அம்மன் வேலைதான் என்று அவள் முழுசாக நம்பினாள்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. எலுமிச்சை மாலை வந்தது, ஆடி மாதம் கூழ் வந்தது. லாரிக்காரர்கள் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். வரதய்யபாளையத்திலிருந்து வந்த ஒரு பெண் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள், அவளுக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. அதற்கப்புறம் தணிகாசலமே அந்தக் கல்லைக் கடக்கும்போது தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

இப்போது என்ஜினியர் எல்லையம்மாவின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜேசிபிக்காரன் வண்டியை அணைத்தான். கூடியிருந்த ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“அம்மவாரை யாரும் தொடக் கூடாது. ஒரு இஞ்ச்கூட நகர்த்த மாட்டோம்,” என்றார் என்ஜினியர், தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில்.

பெண்கள் குலவையிட்டார்கள். தணிகாசலம் தூணைக் கட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

என்ஜினியர் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுண்ணாம்புப் பொடி வாளியோடு நின்றவனைக் கூப்பிட்டுப் புது அளவைச் சொன்னார். பழைய ரோடு அம்மனுக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். அம்மன் நடுவில் இருப்பாள். அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, புது ரோடு அவளுக்கு இந்தப் பக்கமாகப் போகும்.

இந்தப் பக்கம் என்றால் வீடு.

வாளிக்காரன் அளந்துகொண்டே தூண்களைத் தாண்டினான். படியேறினான். ஹாலுக்குள் போனான். பூஜை அறை, சமையல்கட்டு, எல்லாம் கடந்து கொல்லைக் கிணற்றடியில் போய்க் குனிந்து, அங்கேதான் வெள்ளைக் கோட்டை இழுத்தான். தூண்களை மட்டும் பத்திரமாகக் கழற்றினால் அம்மனுக்கு மண்டபம் போட எடுப்பாக இருக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

தணிகாசலம் கோட்டையும் தூண்களையும் மாறி மாறிப் பார்த்தார். வெங்கடம்மா கும்பிட்ட கையை இறக்காமலே அவரை முழங்கையால் இடித்தாள். “இன்னாயா பேயறஞ்ச மாதிரி நின்னுக்கினு கீற? அம்மா நம்ம ஊட்டையே கேக்குறா, குடுத்து வெச்சிருக்கணும்.”

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, என்ஜினியரின் காதோரம் குனிந்தார். ஊருக்குக் கேட்டால் தோலை உரித்துவிடுவார்கள். ஆனாலும் சொல்லிவிட்டார்.

“சார், அது சாமி இல்ல சார். மைல்கல்லு. நான்தான் மஞ்சத்தூள் பூசனேன்.”

கிரண்குமாருக்கு ஆச்சரியமே இல்லை. கொஞ்சம் மனம் புண்பட்ட மாதிரிதான் பார்த்தார்.

“தெரியும் சார், எங்க டிபார்ட்மென்ட் நட்ட கல்லுதான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் எங்க ஆளுங்க பொட்டு வெச்சு மாலை போட்டு கும்பிடறது. அத வெறும் கல்லுன்னு எங்ககிட்டயே வந்து சொல்றீங்களே.”