ரெண்டு மாத்திரை மிச்சம்

அப்பா போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆராய்ச்சி நர்ஸ் வாசலில் வந்து நின்றாள், மிச்ச மாத்திரையை எண்ணிக்கொண்டு போக.

மகனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகளைக்கூட அவன் இன்னும் மடக்கி வைக்கவில்லை.

"மனுஷன் போயாச்சு. மாத்திரைய மட்டும் விட்டுவைக்க மனசு வரலையா?" என்று கேட்டான்.

அவள் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். மாதம் ஒரு தடவை வருவாள், படிவத்தில் இருக்கிற கேள்விகளைக் கேட்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சிந்த மாட்டாள். 'கல்லுளிமங்கி' என்று அப்பாவே அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்.

அப்பா வெல்டிங் பட்டறையில் முப்பது வருஷம் புகை குடித்தவர். நுரையீரல் இறுகிப்போய், நாலு படி ஏறினால் எட்டு தரம் நிற்பார். புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானே போய்க் கையெழுத்துப் போட்டார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்தாம், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மாவு மாத்திரையாம். "நமக்கு நிஜ மருந்துதான், பாரேன்" என்று தினமும் அம்மாவிடம் சொல்லுவார். மகன் லிஃப்ட் மெக்கானிக். ஏதாவது ஒரு கட்டடத்தில் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தான்.

நர்ஸ் மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினாள். இன்னொரு தரமும் எண்ணினாள்.

"பதினாறு இருக்கும்மா. பதினாலுதான் இருக்கணும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாளாக அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. துக்கம்தானே, போகப்போகச் சரியாகும் என்று மகன் நினைத்திருந்தான். துக்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கடைசி வாரத்தில் அப்பாவைத் தூக்கித் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்த அலுப்பில், இரண்டு நாள் சாயங்கால வேளையில் அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். இரண்டு மாத்திரை தவறிப்போயிற்று. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

"நான் தூங்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. நான்தான் கொன்னுட்டேன், சிஸ்டர்."

ரெண்டு மாத்திரையால் ஒன்றும் ஆகிவிடாது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்டால்தானே? நிஜ மருந்தை நிறுத்தினால் எப்படி ஆகாமல் போகும் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். கீழே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குக் குடுத்தது மாவு மாத்திரைம்மா. ரெண்டு இல்ல, இருநூறு தவறியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அம்மா அழுதாள். கடைசிவரை நிஜ மருந்து என்றே நம்பிக்கொண்டு போனாரே மனுஷன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது ஓய்ந்ததும், கொஞ்சம் சாப்பிடட்டுமா என்று மகனைக் கேட்டாள்.

நர்ஸ் படிவத்தில் 'பதினாறு' என்று உள்ளபடி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மகன் சும்மா விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான்.

"மூச்சுக்குத் தவிச்சவருக்குத் தெரிஞ்சே எட்டு மாசம் மாவைக் குடுத்திருக்கீங்க. உங்கப்பாவா இருந்தா குடுப்பீங்களா?"

அவள் தலையைக் குனிந்தபடி முழுசாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆத்திரம் அடங்காமல் மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாவுன்னு உங்களுக்கு யார் சொன்னது? யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. நர்ஸுங்களுக்கும் தெரியாது. டப்பாவில நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆராய்ச்சி முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், அப்பதான் பிரிச்சுப் பார்ப்பாங்க. உங்கப்பா கையெழுத்துப் போட்ட தாள்லயே இதெல்லாம் இருக்கே."

மகன் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பினான்.

"எங்க ஆளுங்க யாராவது அப்படிச் சொல்லியிருந்தா வேலையே போயிடும். பேரைச் சொல்லுங்க, யாரு?"

கதவுக் கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். நடைபாதையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒருவரிடம் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல, டாக்டர். நானாத்தான் அப்படி நெனச்சுக்கிட்டேன்."

வெளியே வந்தவன் அவள் எதிரில் ஒரு நிமிஷம் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது அவன்தான் கல்லுளிமங்கன்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ராத்திரி தூங்கியிருக்கிறாள், முகத்தில் தெரிந்தது.

"டாக்டர் என்னடா சொன்னாரு? அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தானே?"

அவன் செருப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"நெசந்தாம்மா. மாவுதானாம்."