மூன்று வருஷத்து மாம்பழம்

பெண் பார்க்க வந்த இடத்தில் முத்தரசின் கண்ணெல்லாம் தட்டிலிருந்த மாம்பழத்தின் மேலேயே இருந்தது. வருஷக்கணக்கில் கெடாத ரகம். யாரோ கொடுத்ததை அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"நாங்க பார்க்கிற முதல் பொண்ணே உங்க வடிவுதான்" என்றாள் அம்மா, கூசாமல்.

"எங்களுக்கும் நீங்கதான் முதல் இடம், மதினி" என்று சொல்லிக்கொண்டே பெண்ணின் சித்தப்பா போனைப் பழத்தருகே கொண்டுபோனார். "எந்த ஊர்ப் பழம்னு பார்ப்போமே."

பழத்தில் ஒட்டியிருக்கும் சிப் ஸ்டிக்கரைப் படித்து, அது போய்வந்த வீடுகளையெல்லாம் போன் சொல்லிவிடும். "எதுக்கு மாமா, சார்ஜ் வீணாகும்" என்றான் முத்தரசு.

போன் உரக்கப் படித்தது: "போன தை மாதம், அம்பாசமுத்திரம், ஒன்றரை மணி நேரம். அதற்கு முந்தைய ஆவணி, தென்காசி, இரண்டு மணி நேரம்."

பெண் பார்க்க ஆகும் நேரம் எவ்வளவென்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா எழுந்துவிட்டார். "முதல் பொண்ணுன்னு சொன்னீங்களே?"

போன் இன்னும் முடிக்கவில்லை. "மூன்று வருஷம் முன்பு, முதன்முதலாக, இதே வீடு, ஒன்றே முக்கால் மணி நேரம்."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

"சங்கரன்கோவில்காரங்க கொண்டாந்து, திருப்பி எடுத்துட்டுப் போனது. நான்தான் வேண்டாம்னேன்" என்ற வடிவு, விறுவிறுவென்று உள்ளே போனாள். முத்தரசு தன் செருப்பைத் தேடினான்.

அவள் கத்தியோடு வந்தாள். பழத்தை நறுக்கி முதல் துண்டை அவனிடம் நீட்டினாள். "இனி இது எந்த வீட்டுக்கும் போக வேண்டாம்."

வெள்ளரிக்காய்போலச் சப்பென்றிருந்தது. "நல்லா இருக்கு" என்றான்.

வடிவும் ஒரு துண்டைக் கடித்தாள்.

"பொய்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டையும் அவனிடமே நீட்டினாள்.