ஐந்தாம் கூண்டு

ஜாஸ்பினும் நானும் ஒரே நாளில்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது அவளுடைய ஃபெரட்டுகளுக்குத் தீனி வைக்கிறேன். ஃபெரட் கீரியைப் போன்ற விலங்கு. மனிதர்களின் ஃப்ளூ அதற்கும் தொற்றும்; நம்மைப் போலவே தும்மும். அதனால் அறைக்குள் போகும் முன் 'சளி இல்லை, காய்ச்சல் இல்லை' என்று தினமும் வாசலில் கையெழுத்திட வேண்டும். நாலாம் கூண்டிலிருப்பதற்கு அவள் பறவைக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்திருந்தாள். அது காற்றில் பரவாது என்பது அவள் கட்சி. பக்கத்திலிருந்த ஐந்தாம் கூண்டு பத்து நாள் தும்மாமல் இருந்தால் அவள் ஜெயித்தாள். இன்று ஏழாம் நாள். போன் செய்தாள்.

"ஏல இசக்கி, அஞ்சு தும்முச்சா?"

"இல்ல."

"இன்னும் மூணு நாளு. என் ஆராய்ச்சிப் பேப்பர் வந்தா உனக்குப் பிரியாணி. நீயும் படிச்சு முடிச்சிருக்கலாம்லா, சோம்பேறிப் பயலே!"

காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரத்தது, உடம்பு சுட்டது. கையெழுத்திட்டு உள்ளே போனேன். ஐந்தாம் கூண்டு தும்மினால், அது மனிதக் காய்ச்சல்தான் என்று பிறகு சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அது போதும். ஐந்தாம் கூண்டின் முன் குனிந்து முகக்கவசத்தைக் கழற்றினேன். தீனி என்று நினைத்து அது ஓடி வந்து கம்பியில் மூக்கை வைத்தது. அதன் முகத்தில் நன்றாக இருமினேன். அப்போது என் காதருகே நாலாம் கூண்டு தும்மியது. ஈரம் கன்னத்தில் பட்டது. காற்றில் பரவாது என்று ஜாஸ்பின் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவள் எப்போதும் சரியாகத்தான் சொல்வாள்.