தானாகக் குறையும் தாளம்

“கீபோர்டுலேர்ந்து கையை எடுடா! நீதானே வேகத்தைக் குறைச்சே?”

“ஐயோ தாயே, நான் தொடவே இல்லை!” டோர்பன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

வீப்கே நம்பவில்லை. அவள் எழுதிய ‘மீன்கொத்தி’ செயலி டிரம் வாசிக்கும், அவன் எழுதியது மெட்டு வாசிக்கும். இரண்டுமே யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்தமூல மென்பொருள்கள்.

ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இந்தச் செயலிகள் தாமாகவே கைகோத்துக்கொள்ளும். இதில் பெரியவன் சின்னவன் கிடையாது. யார் வேகத்தை மாற்றினாலும் எல்லாருக்கும் மாறிவிடும்.

நாளை மாலை பெர்லினில் கச்சேரி. அவள் வேகத்தை நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு என்று வைத்தால், சற்று நேரத்தில் எண்பதுக்கு வந்து நிற்கிறது. நேற்றிலிருந்து இதே கூத்து.

“கோளாறு உன்னுதுலதான்.”

“என்னுது எதுக்கு எண்பதுக்குப் போகுது? உன் மீன்கொத்திக்குத்தான் கிறுக்கு!”

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். “ஆறு வருஷமா உசுரைக் கொடுத்து எழுதினேன். ஒரு ஜீவன் உபயோகிச்சுதா? திட்டியாவது ஒரு மெயில் வந்துச்சா? இன்னைக்குச் சரியாகலேன்னா மொத்தத்தையும் அழிச்சிடறேன், பாரு.”

அப்போது மேல்மாடியில் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. டம்... டம்... டம்...

“சத்தம் போடக்கூடாத மதிய ஓய்வு நேரமாச்சே, மேல்வீட்டு குவான்ட் ஆரம்பிச்சுட்டாரு,” என்றான் டோர்பன். “அவர் வீட்டு இன்டர்நெட் செத்துடுச்சுன்னு நேத்து நம்ம வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தியே, அந்த நன்றியாவது இருக்கா மனுஷனுக்கு?”

வீப்கே ஒலியை அடியோடு அணைத்தாள். தட்டல் நிற்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நூற்றிருபது வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எண்பதுக்கு இறங்கியது. டோர்பன் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தான்.

“போதும்டா சாமி!” அழிக்கும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டு போனாள்.

அழைப்புமணி அலறியது.

வாசலில் திரு. குவான்ட். படிக்கட்டுச் சுவரில் புகார்ச் சீட்டு ஒட்டியே பெயர் வாங்கியவர். முகம் கடுகடுவென்று இருந்தது.

“மன்னிச்சுக்குங்க ஹெர் குவான்ட், சத்தத்தை அப்பவே நிறுத்திட்டோம்,” என்றாள் வீப்கே.

“சத்தம் கிடக்கட்டும்!”

அப்போதுதான் அவர் தோளில் தொங்கிய அக்கார்டியன் வாத்தியத்தைக் கவனித்தாள். கையிலிருந்த டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் நீலநிற மீன்கொத்தி ஒன்று சிறகடித்துக்கொண்டிருந்தது.

“மூணு வருஷமா இந்தக் குருவியை வெச்சுத்தான் காலால தாளம் தட்டி வாசிக்கிறேன். நேத்துலேர்ந்து, நான் நிம்மதியா எண்பதுல வெச்சா, யாருங்க அதை நூத்திருபதுக்கு ஏத்திவிடுறது?”