ஈசானிய மூலை மேப்பிள்

"மரம் நிக்கட்டும் எண்டால் நீங்களும் அதோடையே நில்லுங்கோ. நான் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டுக்குத் திரும்பிப் போறன்."

கோணேஸ்வரி கணவரிடம் இதைச் சொன்னது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. பத்து மணிக்கு மரம் வெட்ட பிரியந்தன் வருவதாக ஏற்பாடு. பிக்கரிங்கில் வாங்கிய வீட்டில் திங்கட்கிழமை பால் காய்ச்ச வேண்டும். அதற்குள் வாசலில் நிற்கும் மேப்பிள் மரம் போய்விட வேண்டும் என்பது வாஸ்து மாஸ்டர் இராசரத்தினத்தின் உத்தரவு.

மாஸ்டர் எந்த வீட்டையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. நேரில் பார்த்தால் புத்தி மயங்குமாம். வாசல் எந்தத் திசை என்று கேட்பார், முகப்புப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவார், தீர்ப்பை வொய்ஸ் மெசேஜில் அனுப்புவார். மாசி மாதம் வீடு பார்க்கப் போனபோது முகப்பில் பனிக்குவியலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதனால் கோணேஸ்வரி, அந்த வீட்டு ஹோலில் தொங்கிய அழகான ஓவியத்தைப் படமெடுத்து அனுப்பிவைத்தாள். வீட்டையும் மரத்தையும் ஓடு ஓடாக, இலை இலையாகக் காட்டிய ஓவியம் அது. மரத்துக்கு மற்றப் பக்கத்து ஜன்னல்தான் சமையலறை என்றும் கூடவே எழுதினாள்.

"வாசல் கிழக்கு. குசினி தென்கிழக்கிலை, அக்கினி மூலையிலை. உப்பிடி ஒரு குசினி லட்சத்திலை ஒண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ," என்றார் மாஸ்டர். "ஆனா மரம் வடகிழக்கிலை, ஈசானிய மூலையிலை நிக்குது. வெட்டாட்டில் பிள்ளையின்ரை கலியாணம் தள்ளிப்போகும்."

பிள்ளை அட்சயாவுக்கு வயது பத்தொன்பது. கொஞ்சம் தள்ளிப்போனால் நல்லதுதானே என்று கணவர் சண்முகநாதன் நினைத்தார். அந்த அதிசயச் சமையலறைக்கு அலுமாரி அடித்து, கிரனைட் பதித்து, ஆறு வாரமாக வேலை முடிந்துவந்து சொந்தக் கையாலேயே பாடுபட்டதில் மூன்று விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். சண்டை போடத் தெம்பில்லை.

அவரை உறுத்தியது எதிர்வீட்டு எட்வின்தான். வீட்டோடு சேர்ந்து வந்த அந்த ஓவியத்தை வரைந்தவரே அவர்தான். இங்கிலாந்துக்காரர், இயற்கைக் காட்சிகளை வரைந்து செப்புத் தகட்டில் செதுக்குகிறவர். கனடாவின் மலைகளை வரையவென்று நாற்பது வருடத்துக்கு முன்னர் விமானம் ஏறி வந்தவர், வாடகைக்கு எடுத்த வீட்டு ஜன்னலால் இந்த மேப்பிளைக் கண்டார். அதன்பிறகு மலைப்பக்கமே போகவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்துக்கும் ஒரு தகடு. வேறேதாவது வரையுங்கள் என்று ஓவியக் கடைக்காரர்கள் கெஞ்சியதால் ஒருமுறை அணிலொன்றை வரைந்தார். அணில் இந்த மரத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

இன்று அந்த மரத்துக்குக் கடைசி நாள். சண்முகநாதன் மன்னிப்புக் கேட்க வீதியைக் கடந்து போனார்.

எட்வின் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கராஜுக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஹோலில் இருந்த ஓவியத்தை அச்சிட்ட அதே செப்புத் தகட்டை எடுத்து நீட்டினார். மரம் போனாலும் இது உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். கண் கலங்கியிருந்தது.

சண்முகநாதன் தகட்டைப் பார்த்தார். அதில் மரம் வீட்டுக்கு இடப்பக்கம் நின்றது. ஓவியத்தில் வலப்பக்கம் நின்றதே?

எட்வின் விளங்கப்படுத்தினார். ஜன்னலில் இருந்து கண்ணால் காண்பதை அப்படியே தகட்டில் கீறிவிடுவாராம். மை பூசிக் காகிதத்தில் அழுத்தும்போது இடமும் வலமும் மாறிவிடும். மற்றவர்கள் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிக் கீறுவார்கள். தனக்கு அதில் பொறுமை இல்லை, மரமும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை என்றார்.

சண்முகநாதன் கழற்றிவைத்த சப்பாத்தை மறந்து, சொக்ஸோடு ஓடினார். பிரியந்தன் மரம் அரியும் வாளை இயக்கி மரத்துக்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தான். அவர் நடுவில் பாய்ந்து நின்றார்.

கோணேஸ்வரி நம்பவில்லை. "ஹோல் ஜன்னலாலை எத்தினை தரம் பாத்தனான். மரம் வலப்பக்கம்தான். படத்திலையும் வலப்பக்கம்தான்."

"உள்ளுக்கை நிண்டு வெளியாலை பாத்தால் அப்பிடித்தான் தெரியும். ரோட்டுக்கு வந்து பாரும்."

ஓவியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எட்வின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மரத்தைப் பார்த்தாள், ஓவியத்தைப் பார்த்தாள், திரும்ப மரத்தைப் பார்த்தாள். பிறகு மாஸ்டருக்கு போன் எடுத்தாள். மாஸ்டர் கொஞ்ச நேரம் இருமினார். இடப்பக்கம் என்றால் அது லட்சுமி வாசம் செய்யும் மரம், ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எட்வின் கோணேஸ்வரியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி வாய்விட்டு அழுதார். இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் சண்முகநாதன் மனைவியிடம் வென்ற முதல் வாக்குவாதம் இது. தகட்டை நெஞ்சோடு அணைத்தபடி, தெருவில் போன நாய்க்காரருக்கெல்லாம் குட் மோர்னிங் சொன்னார். பிரியந்தன் வாளை ட்ரக்கில் ஏற்றத் தொடங்கினான்.

கோணேஸ்வரி மட்டும் இன்னமும் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் மரத்தில் இருந்து மெல்ல நகர்ந்து, வீட்டின் மற்றப் பக்கத்துச் சமையலறை ஜன்னலில் போய் நின்றது.

"தம்பி பிரியந்தன், வெளிக்கிடாதேங்கோ," என்றாள். "அலுமாரி, கிரனைட் எல்லாம் உடைக்கிற சாமான் ஏதும் வச்சிருக்கிறீங்களோ? இப்ப எங்கட குசினியெல்லோ ஈசானிய மூலையிலை நிக்குது."