மூன்று பேனா

“அம்மா, மூணு பேருக்கும் நீயே ஏன் எழுதுற? அவங்களுக்கு எழுதத் தெரியாதா?”

போன வருடம் எட்டு வயது மகள் கேட்ட கேள்வி அது. காலில் மாவுக்கட்டோடு ஒப்பந்தக்காரரின் அலுவலக மூலையில் உட்கார்ந்து, அம்மா மூன்று பேனாவில் மூன்று விதமாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவங்களுக்கெல்லாம் கை வலிக்குதாம் என்று சொல்லி அம்மா சமாளித்தாள்.

அம்மாவுக்கு அங்கே எழுத்து வேலை. நகராட்சி எந்த வேலைக்கும் ஒப்பந்தப்புள்ளி கேட்கும். போட்டியில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. அவளுடைய முதலாளி தன் பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, ஓட்டுநர் பெயரில் ஒன்று என்று தனக்குத்தானே போட்டி போட்டுக்கொள்வார்.

சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக மூன்று பேனா, மூன்று வகை உறை. கூடவே வைக்கும் வைப்புத்தொகை வரைவோலையைக்கூட மூன்று வங்கியில், மூன்று வேறு நாட்களில் எடுப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. எழுதி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். மை போய்விடும். அருவருப்பு போகாது. கணவன் இல்லாத வீடு. வேலையை விடவும் முடியாது.

மகளின் கால் முறிந்ததே அந்த மூன்று பேனாவால்தான். பள்ளிக்கூட மாடிப்படியின் கைப்பிடி, பிடித்த கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. விரலால் அழுத்தினாலே நசுங்குகிற குழாய். போட்டவர் முதலாளி.

தெருவில் போன யாரோ ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அம்மா வந்து சேர்வதற்குள் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். சட்டை முழுக்க சல்லடை மாதிரி ஓட்டை என்பதுதான் மகளுக்குத் தெரிந்த ஒரே அடையாளம். பாவம், இல்லாதப்பட்டவர் போலிருக்கிறது என்று நினைத்து, அம்மா அன்றிலிருந்து தினமும் அவருக்காகவும் சேர்த்துக் கும்பிட்டாள்.

இப்போது அதே படிக்கட்டுக்குப் புதுக் கைப்பிடி போட வேண்டும். திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்தில், முதலாளி பக்கத்தில் நிற்க, அவள் மூன்று படிவம் வாங்கினாள். பின்னால் நின்ற வெல்டர் ஒருவர் ஒரு படிவம் கேட்டார். கனமான குழாய்தான் போடுவேன், விலை கொஞ்சம் கூடத்தான் வரும், பரவாயில்லையா என்று குமாஸ்தாவிடம் விசாரித்தார். முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏன்யா, சட்டையை எலி கடிச்சு வெச்சிருக்கு. முதல்ல அதைக் கவனி. கைப்பிடியை நாங்க பாத்துக்கிறோம்.”

வெல்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கையிலிருந்த மூன்று படிவத்தையும் பார்த்தார்.

“உங்க பிள்ளையும் ஏதோ ஒரு படியில ஏறி இறங்கத்தானேம்மா செய்யும்? கூச்சமா இல்ல?”

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்லா மூக்கை உடைச்சே என்று முதலாளி வழியெல்லாம் பாராட்டினார். வெல்டரால் நினைத்தே பார்க்க முடியாத குறைந்த விலையாகப் போடச் சொன்னார். பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் இரும்புதானாம். எவன் அளந்து பார்க்கப் போகிறான்?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் பெட்டியின் அரக்கு முத்திரையை உடைத்தார்கள். விலையைப் படிப்பதற்கு முன், அதிகாரி வரைவோலைகளின் எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். முதலாளியுடையது நாற்பத்தொன்றில் முடிந்தது. மைத்துனருடையது நாற்பத்திரண்டு. ஓட்டுநருடையது நாற்பத்துமூன்று. ஒரே வங்கி. ஒரே தேதி.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போட்டிக்காரர்கள் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு வங்கிக்குப் போனீர்களா என்று கேட்டார். ஓட்டுநர் திருதிருவென்று முதலாளியைப் பார்த்தார். அதற்குமேல் அதிகாரிக்குப் பதில் தேவைப்படவில்லை. ஒரே கையிலிருந்து வந்த மூன்றும் தள்ளுபடி. வெல்டரின் விலை நகராட்சியின் மதிப்பீட்டுக்குள் இருந்ததால் வேலை அவருக்கே.

வராந்தாவில் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“மூணு பேங்க், மூணு நாள். பதினோரு வருஷப் பழக்கம் எப்படிம்மா மறந்து போச்சு?”

மகளுக்குக் காய்ச்சல், அலைய முடியவில்லை, அவசரத்தில் ஒரே இடத்தில் எடுத்துவிட்டேன் என்று அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

வெளியே வந்த வெல்டர் அவளைக் கடக்கும்போது நிற்கவில்லை. கடவுள் கண்ணைத் திறந்துட்டார் என்று, அவள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போனார். ஒருவரும் பார்க்காதபோது அவள் அந்த முதுகைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வீட்டு வாசலில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நூறு தாண்டிவிட்டதாக மூச்சு வாங்கச் சொன்னாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றுமில்லை.

அம்மா பையிலிருந்த மூன்று பேனாவையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். இனிமேல் வேலைக்குப் போகமாட்டியா, ஏன், என்ன ஆச்சு என்று மகள் துளைத்தெடுத்தாள். அம்மா குனிந்து அவள் காலிலிருந்த தழும்பைத் தடவினாள்.

“அந்த ஓட்டைச் சட்டை மாமாவைப் பார்த்துட்டேன்டி.”